பழைய காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லையா? இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். பேகனுக்கும் ஒரு வளைவு உண்டு. மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தாரே, அவர்தான். ஒரு மார்கழி விடியலில் அந்த வளைவைத் தாண்டும்போது, முன்சீட்டில் இருந்த அம்மா, "காலெல்லாம் சில்லிட்டுப் போகிறது, கொஞ்சம் சூடு வைப்பா" என்றார். ஹீட்டர் லீவரை நீலத்திலிருந்து சிவப்புக்குத் தள்ளினேன். புளோயர் நன்றாகத்தான் சுற்றியது. வந்ததோ மலைக்காற்று. போதாததற்குக் கண்ணாடியும் உள்பக்கம் பனி மூடிக்கொண்டது. மேலே போய்ச் சேரும்வரை ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் துடைக்கும் துணி.

மறுநாள் பானட்டைத் திறந்தால், ஹீட்டருக்குள் போக வேண்டிய ரப்பர் ஹோஸ் அந்தப் பக்கமே போகவில்லை. என்ஜினிலிருந்து கிளம்பி, ஒரு வளையம் போட்டு, என்ஜினுக்கே திரும்பியிருந்தது. வண்டி என் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ செய்த வேலை. தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். "லூப் அடித்திருக்கிறார்கள் சார். வேலூரில் ஹீட்டர் எதற்கு?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. சித்திரையில் 42, 43 டிகிரி வெயிலைப் பார்க்கிற ஊர் இது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி மூடிக்கொள்ளும்போது ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்து ஓடவிட்டால்தான் சீக்கிரம் தெளியும். ஏசி ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் கண்ணாடியைக் காய வைக்கிறது. ஜமுனாமரத்தூருக்கோ ஊட்டிக்கோ போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது. கோடையில் மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கினால், ஏசியை அணைத்து, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை உச்சத்திலும் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் ஒதுங்க இடம் கிடைக்கும்வரை என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது இறக்கி வைக்கும். லூப் அடித்த வண்டியில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

ஆகவே, பழைய கார் ஒன்றை வாங்கி, ஹீட்டர் வரவில்லை என்று முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பட்டறைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே முக்கால்வாசிக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

சூடு எங்கிருந்து வருகிறது

எரிகிற பெட்ரோலில் பெரும்பங்கு சூடாகவே வீணாகிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்கைக் கூலன்ட், அதாவது என்ஜினுக்குள் சுற்றி ஓடும் தண்ணீர்க் கலவை, சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. அதில் ஒரு கிளை, என்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகரச் சுவரைத் துளைத்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. பட்டறையில் இதை ஹீட்டர் காயில் என்பார்கள். காயில் என்றதும் வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ஞாபகம் வரும். இதில் கரண்ட் கிடையாது, வெந்நீர் மட்டும்தான். புளோயர் அதன் மேல் காற்றை ஊதுகிறது. நடுவில் ஒரு சிறிய கதவு, ஃபிளாப், காற்று காயில் வழியாகப் போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. சில வண்டிகளில் வெந்நீரையே திறந்து மூடும் வால்வும் உண்டு.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது: ஹீட்டரின் தண்ணீரும் என்ஜினின் தண்ணீரும் ஒன்றே. ஹீட்டர் வரவில்லை என்பது பெரும்பாலும் ஹீட்டரைப் பற்றிய புகார் அல்ல. என்ஜினைக் குளிர்விக்கும் ஏற்பாட்டில் எங்கோ கோளாறு என்ற முன்னறிவிப்பு.

கை வைப்பதற்கு முன்

என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர், மூடி தளர்ந்த கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது விட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கையில் சுடாமல் இருந்தால், மடித்த துணி போட்டுத் திறக்கலாம். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில், என்ஜின் நின்றிருந்தாலும் ஃபேன் தானாகக் கிளம்பும். விரல், துப்பட்டா, வேட்டி முனை எல்லாம் தள்ளியே இருக்கட்டும். என்ஜினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளை ஷட்டர் இறக்கிய ஷெட்டுக்குள் செய்ய வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் கழுத்துவரை நிற்க வேண்டும். பக்கத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் இருக்கிறது என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். டப்பா நிறைந்து ரேடியேட்டர் காலியாக இருப்பதும் உண்டு, மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் அப்படித்தான் ஆகும். பல வண்டிகளில் ஹீட்டர் காயில் உயரமான இடத்தில் இருப்பதால், தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். வண்டியை விரட்டும்போது சூடு வந்து, சிக்னலில் நிற்கும்போது குளிர்ந்தால், தண்ணீர் குறைவு என்றே முதலில் சந்தேகப்படுங்கள். அடுத்து, தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்.

அளவு சரி என்றால் நிறத்தைப் பாருங்கள். பச்சையோ சிவப்போ, தெளிவாக இருக்க வேண்டும். டீ நிறத்தில் இருந்தால் உள்ளே துரு. மூடியின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தால் அது நம் ஊர்த் தண்ணீரின் கையெழுத்து.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய வட ஆற்காட்டில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டு, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. குடிக்க முடியாத அந்தத் தண்ணீரை, "ரேடியேட்டருக்குத்தானே" என்று ஒரு குடம் ஊற்றிவிடுகிறோம். சூடாகச் சூடாக அதிலுள்ள சுண்ணாம்பு படிகிறது. உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. ரேடியேட்டர் பெரியது, தாங்கும். ஹீட்டர் காயிலின் குழாய்கள் ஒடுங்கியவை. அதிலும் ஆண்டு முழுக்க லீவர் நீலத்திலேயே கிடக்கிற, வால்வு உள்ள வண்டியில் அங்கே தண்ணீர் ஓடுவதே இல்லை. தேங்கிய குட்டையில் சேறு படிவதுபோல் அங்கே போய்ப் படிகிறது.

கூலன்ட்டோடு கலக்க, பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்குங்கள். கடையில் ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள். வழியில் அவசரம் என்றால் குடிநீர் கேன் தண்ணீர் பரவாயில்லை. கூலன்ட் பாதி, வடிநீர் பாதி என்பது வழக்கமான கணக்கு. "இங்கே என்ன பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?" என்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் மற்ற இரண்டு. நமக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான்.

காற்றே வராவிட்டால்

இது வேறு கதை, சுருக்கமாக முடிந்துவிடும். புளோயர் சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ். போயிருந்தால் அதே ஆம்பியரில் போடுங்கள். கம்பியைச் சுற்றி வைப்பது காருக்குத் தீ வைக்கும் வழி. கடைசி வேகத்தில் மட்டும் சுற்றி, மற்ற வேகங்களில் நின்றால் ரெசிஸ்டர் போயிருக்கிறது, சின்ன சாமான். சுற்றுகிறது, ஆனால் காற்று மூச்சு முட்டி வருகிறது என்றால், வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் உள்ளே சருகைத் தேடுங்கள். என் நண்பரின் வண்டியில் எலி ஒன்று டேஷ்போர்டுக்குள் பிரசவமே பார்த்திருந்தது.

முள் எங்கே நிற்கிறது

காற்று வருகிறது, சூடு இல்லை. இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். விடியற்காலை என்றால் நல்லது. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு அருகே வந்து அசையாமல் நிற்க வேண்டும். ஊருக்குள் நெரிசலில் நடுவுக்கு வந்து, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் கீழே இறங்கிவிட்டால், ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்: தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிவிட்டது. அல்லது அது இல்லவே இல்லை.

இல்லவே இல்லை என்பதற்குத்தான் நம் பக்கம் வாய்ப்பு அதிகம். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் போதிய சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பாமல் தடுத்து வைக்கும் வால்வு. பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். "வெயில் ஊருக்கு இது வேண்டாம் சார், எடுத்துவிட்டால் வண்டி சூடே ஆகாது" என்று கழற்றிப் போட்டுவிடுவது பல பட்டறைகளில் பழக்கம். சூடு ஆகாதுதான். அதுதான் பிரச்சினை. என்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும், ஹீட்டரிலும் வெதுவெதுப்புக்கு மேல் வராது. உண்மையில் சூடாகிற வண்டிக்கு ரேடியேட்டர் அடைப்பையோ ஃபேனையோ பார்க்க வேண்டும். காவல்காரனை வேலையைவிட்டு நீக்கித் திருட்டை நிறுத்த முடியாது.

தெர்மோஸ்டாட் கையில் கிடைத்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுட வையுங்கள். தண்ணீர் தளதளக்கும் முன்பே வாய் மெல்லத் திறப்பது கண்ணுக்குத் தெரியும். பச்சைத் தண்ணீரிலேயே திறந்திருந்தாலும், கொதித்த பிறகும் திறக்காவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இரண்டு ஹோஸ்

தலைப்பில் சொன்ன சோதனை இதுதான். முள் நடுவில் நிற்கும் அளவுக்கு என்ஜின் சூடாகட்டும். லீவர் முழுச் சிவப்பில், புளோயர் ஓடட்டும். ஐந்து நிமிடம் கழித்து என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டுப் பானட்டைத் திறங்கள். தகரச் சுவருக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கட்டை விரல் தடிமன் அல்லது சற்றுக் கூடுதல். புறங்கையால் ஒரு நொடி மட்டும் தொட்டுத் தொட்டு எடுங்கள். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்போமே, அப்படி.

இரண்டுமே சுட்டால், வெந்நீர் ஒழுங்காகப் போய் வருகிறது. கோளாறு காற்றுப் பக்கம். ஃபிளாப்பையும் அதன் கேபிளையும் பாருங்கள்.

ஒன்று சுட்டு, மற்றது சில்லென்று இருந்தால் காயில் அடைத்திருக்கிறது. அல்லது வால்வு திறக்கவில்லை. வால்வு ஹோஸ் வழியிலேயே இருந்தால், அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டாலே விடை கிடைத்துவிடும்.

இரண்டுமே குளிர்ந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் வரவே இல்லை: தண்ணீர் குறைவு, காற்று அடைப்பு, பம்ப், அல்லது முன்னாலேயே மூடிக் கிடக்கும் வால்வு. இரண்டு ஹோஸும் சுவருக்குள் போகாமல் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால், என் கதைதான்.

அடைத்த காயிலைக் கழுவுவது

என் வண்டியில் லூப்பைப் பிரித்து, ஹீட்டரின் இரண்டு முனைகளில் ஒன்றில் தோட்டத்து டியூபைச் செருகி, மற்றதிலிருந்து ஒரு குழாயை வெள்ளை வாளிக்கு விட்டேன். முதல் அரை நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. திடீரென்று கெட்டி டிகாக்‌ஷன் நிறத்தில் பீறிட்டது. அதோடு முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டதுபோல் வெள்ளைச் செதில்கள். டியூபைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டபோது இன்னும் அதிகம் வந்தது. மாற்றி மாற்றி ஏழெட்டு முறை ஆன பிறகுதான் வாளியின் அடி தெரிந்தது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் முறுக்கி இழுக்காதீர்கள். காயிலின் குழாய் மெல்லியது, ஒடிந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். ஹோஸின் முனையைப் பிளேடால் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுவது மலிவு. மாடித் தொட்டித் தண்ணீரின் அழுத்தமே போதும். வாட்டர் வாஷ் துப்பாக்கியோ கம்ப்ரஸரோ வேண்டாம், காயில் வெடிக்கும். கழிவறை ஆசிட்டை ஊற்றச் சொல்லும் மேதைகள் உண்டு. அலுமினியக் காயில் ஓட்டையாகிவிடும். கடைசி அலசல் மட்டும் வடிநீரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வியாதிக்காரரை வியாதியாலேயே குளிப்பாட்டியதுபோல் ஆகும். வெளியேற்றிய கூலன்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிக்கும் விஷம் அது. நாயும் மாடும் நக்கிவிடும்.

காற்று அடைப்பு

தண்ணீரை இறக்கி ஏற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். வண்டியைக் கிளப்பியதும் டேஷ்போர்டுக்குள் குடத்தைச் சாய்ப்பதுபோல் 'களக் களக்' என்று கேட்டால் அதுதான். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, லீவரைச் சிவப்பில் வைத்து, ஐடிலில் ஓடவிடுங்கள். கூலன்ட் ஏறி இறங்கிக் குமிழி விடும். குறையக் குறைய ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சுடத் தொடங்கினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மட்டம் ஒரு முறை சட்டென்று இறங்கும், நிரப்பி மூடிவிடலாம். சில வண்டிகளில் காற்றை விடுவதற்கென்றே ஒரு ஸ்குரூ இருக்கும், கையேட்டில் பாருங்கள்.

எவ்வளவு நேரம் விட்டாலும் குமிழி நிற்கவில்லை, எண்ணெய் மூடிக்கு அடியில் பால் டீ போலக் குழம்பு, சைலன்ஸரில் ஓயாத வெள்ளைப் புகை என்றால், ஹெட் கேஸ்கட், அதாவது என்ஜினின் தலைப்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு, போயிருக்கலாம். அங்கே நம் வேலை முடிந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல், மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

மிதியடி ஈரம்

முன்சீட்டில் இடப்பக்கக் கால் வைக்கும் இடத்தில் ஈரம் இருந்தால் உடனே காயில் ஒழுகுகிறது என்று பதற வேண்டாம். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயில் தூசி அடைத்தாலும் அங்கேதான் நனையும். டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாவிட்டால் ஏசித் தண்ணீர். பிசுபிசுப்பு, பச்சையோ சிவப்போ ஒரு நிறம், இனித்த வாடை, துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் என்றால் காயில்தான். புதிய காயில் கிடைக்கும்வரை லூப் அடிப்பதில் தவறில்லை; அப்போதும் இரண்டு முனையையும் அடைக்காமல் சேர்த்துவிடச் சொல்லுங்கள், சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்ற அந்த வழியும் தேவைப்படுகிறது. தற்காலிகம் நிரந்தரமாகிவிடுவதுதான் ஆபத்து.

நிற்காத சூடு

வேலூரில் ஹீட்டர் வராததைவிட, ஹீட்டர் நிற்காததுதான் அதிகம் துன்புறுத்தும். ஆனால் யாரும் அதை ஹீட்டர் கோளாறு என்று சொல்வதில்லை. "ஏசி கூலிங் பத்தவில்லை" என்பார்கள். கேஸ் ஏற்றுவார்கள், மறு வாரம் மறுபடி ஏற்றுவார்கள். லீவர் நீலத்தில் இருந்தாலும் கேபிள் கழன்றிருந்தால் ஃபிளாப் பாதி திறந்தே நிற்கும். வால்வும் முழுக்க மூடாது. ஏசி குளிர்வித்த காற்றை ஹீட்டர் மறுபடி சுடவைத்து அனுப்பும்.

இதைக் கண்டுபிடிக்க, ஆறிய வண்டியைக் கிளப்பியதும் ஏசி எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். முதல் சில நிமிடம் ஜில்லென்று வந்து, முள் ஏற ஏறக் குளிர் குறைந்தால் ஹீட்டர் மேல் சந்தேகம். என்ஜினை அணைத்து, ஹீட்டர் ஹோஸ் ஒன்றைத் துணி சுற்றிக் கிளாம்ப் வைத்து இதமாக இறுக்கிவிட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள். இப்போது குளிர் நின்றால் கேஸ் காசு மிச்சம். வெடிப்பு விட்ட பழைய ஹோஸில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். லீவர் இறுகியிருந்தாலும் பலம் காட்டாதீர்கள். காலங்காலமாக அசையாத பிளாஸ்டிக், படக்கென்று முறியும். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்து, ஒருவர் லீவரைத் தள்ள மற்றவர் கேபிள் முனை அசைகிறதா என்று பார்த்தால் போதும். பாதி நேரம் கழன்ற கிளிப்பை மாட்டுவதோடு விஷயம் முடிந்துவிடும்.

பட்டறைக்குப் போவதென்றால், "ஹீட்டர் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "என்ஜின் சூடான பிறகு ஹீட்டர் ஹோஸ் ஒன்று சுடுகிறது, மற்றது சுடவில்லை, தண்ணீர் மட்டம் சரி, முள் நடுவில் நிற்கிறது" என்று சொல்லுங்கள். கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லூப் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டி திரும்பி வந்ததும், சித்திரையாகவே இருந்தாலும், மாதத்துக்கு ஒரு நாள் விடியலில் ஜன்னலை இறக்கிவிட்டு லீவரைச் சிவப்புக்கும் நீலத்துக்குமாக நான்கு முறை தள்ளி, பத்து நிமிடம் ஹீட்டரை ஓடவிடுங்கள். முதல் தடவை கருகிய தூசி வாடை அடிக்கும். ஓரிரு நிமிடத்தில் போய்விடும்.